இருபத்தோராவது வெளிச்சம்

மாகறல்
9-3-2025

கிரேஸ் அக்காவுக்கு,

2025 ஜனவரி 30, வியாழக்கிழமை. இரவு 11 மணி 42 நிமிடம் 10 விநாடிக்கு முதல் வெளிச்சம். 11 மணி 53க்குக் கடைசி. மொத்தம் இருபது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கவில்லை. நலமாக இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள், நேரில் வந்தால் கதவைத் திறக்கவில்லை. அதனால் தபால். கடைசியாக எப்போது தபால் எழுதினேன் என்று ஞாபகம் இல்லை, கையெழுத்துக்கு மன்னிக்கவும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். டேனியல் பையில் ஒரு சின்ன கேமரா இருந்தது. போலீஸ் அவன் பொருட்களை உங்களிடம் திருப்பிக் கொடுத்தபோது அதுவும் வந்திருக்கும். அதன் மெமரி கார்டு எனக்கு வேண்டும். தண்ணீரில் கிடந்தாலும் பரவாயில்லை, படிக்க வழி உண்டு.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பதினான்கு மாதமாக எங்கள் மோட்டார் ரூம் மாடியில் கேமரா வைத்து ராத்திரி வானத்தை எடுக்கிறேன். ஆற்றுப் பக்கம் வெளிச்சம் வருகிறது, கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஊரே பேசுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாரும் தண்ணீர் பாய்ச்சப் போவதில்லை. இதுவரை முப்பது நிகழ்வு பதிவு செய்தேன். இருபத்தேழுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது: சென்னைக்கு இறங்கும் விமானம், வரிசையாகப் போகும் செயற்கைக்கோள், விடிவெள்ளி, கல்யாண மண்டபத்து லேசர். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டவணை. கடைசிக் கட்டம் ‘பார்த்தவர் செய்தது’. அதைப் படித்தால் சிரிப்பு வரும். பன்னிரண்டாவது நிகழ்வில் பட்டம்மாள் என்பவர் செய்தது: ‘உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.’ எல்லாருமே கதவைத்தான் சாத்துகிறார்கள். யாரும் கிட்டே போய் என்னவென்று பார்ப்பதில்லை.

ஜனவரி 30ல் வந்தது முப்பத்தோராவது. இதுவரை கிடைத்ததிலேயே இதுதான் முக்கியம். ஒழுங்கான இடைவெளியில் வந்தது. இயற்கை இப்படிச் செய்யாது. ஆனால் ஒரே இடத்திலிருந்து பார்த்தால் உயரம் சொல்ல முடியாது. இரண்டாவது இடத்திலிருந்து ஒரு படம் வேண்டும். டேனியல் கேமராவில் அது இருக்கலாம்.

காலேஜில் கொடுத்திருக்கும் கட்டுரையில் அவன் பெயரையும் போடுவேன். என்னால் முடிந்தது அதுதான்.

அன்றைக்கு அவனை நான் அனுப்பவில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அவனாகப் போயிருக்கிறான், ஆர்வத்தில். அதைத் திரும்பக் கிளற வேண்டாம்.

பிரேம்நாத்

-

ஐயம்பேட்டை
17-3-2025

பிரேம்நாத்துக்கு,

தம்பின்னு எழுதப் போனேன், கை வரல. அதனால பேரு.

உன் லெட்டரை நாலு தரம் படிச்சேன். அதுல என் தம்பி ஒரு கேமராவைத் தூக்கிக்கினு வர்ற ஆளா இருக்கான், அவ்வளவுதான். எங்க வீட்டுல மூணு வருஷம் சோறு தின்ன நீ. “அக்கா, கருவாட்டுக் குழம்பு இருக்குதா”ன்னு வாசல்லயே கேட்டுக்கினு வருவ. இப்ப ‘பொருட்களைத் திருப்பிக் கொடுத்தபோது’ன்னு எழுதுற.

உன் நம்பரை ஏன் பிளாக் பண்ணேன்னா, போன்ல நீ நல்லா பேசுவ. பேசிப் பேசி மாத்திடுவ. எழுதினா மாத்த முடியாது. கேக்கறதுக்கு எழுதியே பதில் சொல்லு.

போலீஸ் என்ன எழுதி வெச்சிருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா? ‘குடிபோதையில் ஆற்றுப் பள்ளத்தில் தவறி விழுந்து.’ கரையில ஒரு பாட்டில் கிடந்துதாம். மணல் அள்ளுற இடத்துல பாட்டில் கிடக்காம பைபிளா கிடக்கும்? நான் கேட்டேன், “என் தம்பி குடிக்க மாட்டான் சார்”னு. அந்த ஏட்டு சொல்றாரு, “ஏம்மா, அவன் ஃபிரெண்டே சொல்லிட்டான், எப்பவாவது குடிப்பான்னு.”

எப்பவாவது. அந்த ஒரு வார்த்தைதான் இப்ப எங்க வீட்டுல குடியிருக்குது. சபையில ஜெபம் பண்றவங்க கூட “ஆண்டவரே, இந்தக் குடியிலருந்து வாலிபரைக் காப்பாத்தும்”னுதான் ஆரம்பிக்கிறாங்க. எங்கப்பா பின் பெஞ்சுல உக்காந்து அதுக்கு ஆமென் சொல்றாரு.

அப்பாவைப் பத்திக் கேக்காதது நல்லது. நீ கேக்கவும் இல்ல. கோர்வைப் புடவை, கரைக்கு ஒரு ஆளு, உடலுக்கு ஒரு ஆளு, ரெண்டு பேர் இல்லாம தறி ஓடாது. இப்ப நான் கம்பெனி ஷிஃப்ட் முடிச்சு வந்து டேனியல் இடத்துல உக்கார்றேன். அவரு நிமிர்ந்து பாக்கறதே இல்ல. பாத்தா நான்தான் இருப்பேன்னு.

கார்டு என்கிட்டதான் இருக்குது. தரணும்னா ஒரு கேள்விக்குப் பதில் வேணும்.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் டேனியல் சிம்மைத் துடைச்சு என் போன்ல போட்டேன். போட்டதும் மிஸ்டு கால் மெசேஜ் வந்துது. முப்பதாந்தேதி ராத்திரி 11:44, 11:47, 11:52. மூணும் உன் நம்பர்.

நீ அனுப்பலன்னா, அந்த நேரத்துல அவனை எதுக்குக் கூப்ட்ட?

கிரேஸ்

-

மாகறல்
23-3-2025

கிரேஸ் அக்காவுக்கு,

நான்தான் அனுப்பினேன்.

இதை எழுத நாலு நாள் ஆனது. காரணத்தையும் எழுதிவிடுகிறேன், அதற்காக மன்னிக்க வேண்டாம். இரண்டு கேமராவும் எங்கள் காலேஜ் லேபிலிருந்து கலியாணசுந்தரம் சார் தன் பொறுப்பில் கொடுத்தவை. “ராத்திரி ஆத்துக்குள்ள ஆளை இறக்கக் கூடாது, மணல் எடுத்த பள்ளம் எத்தனை இருக்குன்னு யாருக்கும் தெரியாது” என்று அப்போதே சொன்னார். சரி சார் என்றேன். டேனியல் கிடைத்த அன்று எஸ்.ஐ. கேட்டதும் வாய் தானாக ‘நான் அனுப்பல’ என்றது. அடுத்த கேள்வி, “குடிப்பானா?” அவனாகப் போனான் என்று சொல்லியாகிவிட்டது, அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. எப்பவாவது என்றேன். அவன் குடித்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு எட்டு மணிக்கு என் பைக்கில்தான் ஆற்றங்கரையில் இறக்கிவிட்டேன். அவன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

“தனியா வேணாம்பா. ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிக்கலாமே.”

“ஒரே இடத்துல நின்னா உயரம் எப்படிடா கண்டுபிடிக்கிறது? டிப்ளமோல என்ன படிச்ச?”

“மோட்டார் ரூம்ல நான் நிக்கறேன், நீ இங்க நில்லு.”

“ஏன், பிசாசு பிடிச்சுக்குமா? சிலுவை போட்டுக்கினுதான இருக்க.”

சிரித்துவிட்டு இறங்கினான். காலை ஐந்துக்கு வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. ஐந்துக்குப் போனேன். ஆள் இல்லை. கரையில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. கோபித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். நாற்பது அடி தள்ளி அந்தப் பள்ளம். நான் கரையை விட்டு இறங்கவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. வெளிச்சம் வந்ததால்தான் கூப்பிட்டேன். அவன் கேமராவைத் தென்மேற்கே திருப்பச் சொல்ல. லைன் போகவில்லை. போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்று திட்டினேன். பதினோரு நிமிடம் நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்: அந்தப் பதினோரு நிமிடம் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

நீங்கள் எழுதச் சொன்னதால் பதிவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். பனை வரிசைக்குக் கொஞ்சம் மேலே, பனிமூட்டத்துக்குள், வெள்ளை வெளிச்சம். வந்த விதம்: இரண்டு தரம் சட்சட்டென்று. மூன்று விநாடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு தரம். அதன் பின் ஒன்றரை, இரண்டு நிமிடம் இருட்டு. திரும்பவும் இரண்டு, இடைவெளி, ஒன்று. இப்படி ஆறு தரம். ஏழாவது தரம் இரண்டு மட்டும் வந்தது, ஒன்று வரவில்லை. ஆக இருபது.

விமானம் இல்லை, நகரவே இல்லை. டிரோன் இல்லை, சத்தம் இல்லை. லாரி விளக்கு மஞ்சள். டேனியலிடம் இருந்த டார்ச்சாக இருக்குமோ என்றும் பார்த்தேன். இருக்க முடியாது. கண் கூசாமல் இருக்க அவன் டார்ச்சுக்கு நானே சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். இது சுத்த வெள்ளை. தவிர டார்ச் என்றால் பனைக்குக் கீழே தெரிய வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். திசையைக் கணக்குப் போட்டால் அது சரியாக அவன் நின்ற இடத்துக்கு மேலே வருகிறது. அவன் தலைக்கு மேலேயே வந்திருக்கிறது அக்கா. விழுவதற்கு முன்னால் அதை அவன் பார்த்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

போலீஸ் விஷயத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. சொன்னதை மாற்றினால் சாரின் வேலை போகும், என் மேல் கேஸ் வரும். கொஞ்சம் டைம் கொடுங்கள்.

பிரேம்நாத்

-

ஐயம்பேட்டை
2-4-2025

பிரேம்நாத்துக்கு,

இந்த லெட்டரை உக்காந்து படி.

உன் கடிதாசி வந்த அன்னிக்கு சாயங்காலம் சமையல்கட்டு மேசையில வெச்சுப் படிச்சுக்கினு இருந்தேன். உன்னைத் திட்டிக்கினேதான் படிச்சேன். ‘இரண்டு தரம் சட்சட்டென்று, மூன்று விநாடி ஒன்றுமில்லை, பிறகு ஒரு தரம்’னு வந்த இடத்துல எனக்குப் புரியல. என்னடா எழுதறான்னு கையால மேசையில தட்டிப் பாத்தேன். டக் டக். கொஞ்சம் நிறுத்தி, டக்.

உள்ள தறியில அப்பா தனியா உக்காந்து பாவுல அறுந்த இழையை முடிஞ்சுக்கினு இருந்தாரு. அங்கருந்து ஒரு சத்தம். டக். நூல் ஓட்டுற மர நாடாவால தறிக்கட்டையில ஒரே ஒரு தட்டு. அப்புறம் எழுந்து வேட்டியைக் கட்டிக்கினு வெளிய வந்தாரு.

“எங்க அறுந்துச்சு?”ன்னாரு.

நான் மேசையிலருந்து கையை எடுத்தேன்.

“யாரும்மா கூப்ட்டது? தட்டுனியே.”

“ஒண்ணுமில்லப்பா. சும்மா.”

“சும்மா தட்டாதம்மா. நான் எழுந்து வரேன் பாரு.”

இப்ப உனக்கு ஞாபகம் வந்துதா பிரேம்நாத்? எங்க தெருவுல பத்துத் தறி ஒண்ணா ஓடும். எதிர்ல இருக்கறவன் கத்தினாலும் கேக்காது. ஊருக்கெல்லாம் எப்படியோ, எங்க வீட்டுத் தறிக்கு இதுதான். ரெண்டு தட்டுனா, நிறுத்து. விட்டு ஒண்ணு தட்டுனா, என் பக்கம் வா. கேட்டவன் ஒண்ணு தட்டணும், வரேன்னு அர்த்தம். அது வர்ற வரைக்கும் கூப்ட்டவன் திரும்பத் திரும்பத் தட்டிக்கினே இருப்பான். நானும் டேனியலும் எட்டு வயசுலருந்து அப்படித்தான்.

உனக்கு இது தெரியும். எங்க வீட்டுல தட்டுல கை வெச்சுக்கினு நீயே கேட்ட, “என்ன மாமூ, உள்ள மோர்ஸ் கோடு ஓடுது”ன்னு. டேனியல் சிரிச்சுக்கினே சொல்லிக் குடுத்தான். சாம்பார் வேணும்னா நீயும் டம்ளரை ரெண்டு தட்டி ஒண்ணு தட்டுவ. எங்கம்மா கரண்டியால ஒண்ணு தட்டிட்டு எடுத்துக்கினு வருவாங்க.

அதனாலதான் அதை அடிச்சான். அந்தக் காட்டுல அதைப் படிக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான் இருக்கேன்னு.

சிவப்புத் தாளைப் பத்தி எழுதியிருந்த. போலீஸ் குடுத்த கவர்ல அவன் சட்டைப் பையில இருந்ததெல்லாம் இருக்குது. சிவப்புக் கண்ணாடித்தாள், நாலா மடிச்சு. ரப்பர் பேண்டும் பத்திரமா. அவனை எடுத்தப்போ இடுப்பு வரைக்கும் மணல் சரிஞ்சு மூடியிருந்துது. அப்படி மாட்டிக்கினப்பவும் உன் பொருளாச்சேன்னு மடிச்சு வெச்சிருக்கான். அவன் அப்படித்தான்.

பள்ளத்துக்குள்ள நின்னு மேல பாத்து அடிச்சா வெளிச்சம் எங்க தெரியும்னு உனக்கு நான் சொல்லணுமா? நீ படிச்சவன்.

கடைசியில ரெண்டு மட்டும் வந்துது, ஒண்ணு வரலன்னு எழுதியிருந்த. அதை நான் அப்பாகிட்ட சொல்லல. அம்மாகிட்டயும் சொல்லல. ராத்திரி ஆனா நான் மட்டும் அந்த ஒண்ணுக்காகக் காதைத் தீட்டிக்கினு படுத்திருக்கேன்.

கார்டை இதோட வெச்சிருக்கேன். எடுத்துக்கோ. எனக்கு இனிமே அதுல தெரிஞ்சுக்க ஒண்ணுமில்ல.

டைம் கேட்ட. அவன் உனக்குப் பதினோரு நிமிஷம் குடுத்தான்.

கிரேஸ்

-

மாகறல்
6-4-2025

கிரேஸ் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்ததும் நம்பவில்லை. இதையும் மறைக்க மாட்டேன். தற்செயலாக இருக்கலாம் என்று பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டம்ளரில் தட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து “என்னடா வேணும்” என்று கேட்டாள். போதும்.

இருந்தும் சோதித்தேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. நேற்று விடியற்காலை, பனி இருக்கும்போதே, மோட்டார் ரூம் கேமராவை ஓடவிட்டு ஆற்றுக்குப் போனேன். அந்தப் பள்ளத்தில் இறங்கினேன். இப்போது தண்ணீர் வற்றி முழங்கால் அளவுதான். அதே மாதிரி டார்ச், தாள் இல்லாமல், மேலே பார்த்து. இரண்டு, ஒன்று. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தேன். பனை வரிசைக்கு மேலே, பனிக்குள், வெள்ளையாக. முப்பத்தோராவது நிகழ்வையும் இதையும் பக்கத்தில் வைத்தால் என் அம்மா கூட இரண்டும் ஒன்றுதான் என்பாள்.

தூரத்தையும் அளந்தேன். மோட்டார் ரூமிலிருந்து வண்டிப்பாதை வழியாக ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர். பைக்கில் இருட்டில் ஏழு நிமிடம். முதல் தடவை அவன் அடித்ததும் கிளம்பியிருந்தால் நாலு நிமிடம் மிச்சம். மூன்றாவது தடவைக்குக் கிளம்பியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பேன். அந்த நாலு நிமிடத்தில் என் மாடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பதிவில் என் குரலே இருக்கிறது. “பதினாலு... பதினஞ்சு... சூப்பர்டா, பதினாறு.”

மாடியில் ஒரு பெரிய டார்ச் என்னிடமும் இருந்தது. ஒரு தரம் அடித்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். வரேன் என்று.

கார்டு படிக்க முடிந்தது. வெளிச்சத்தின் படம் அதில் எதுவும் இல்லை. எட்டே கால் மணிக்கு எடுத்த ஒரே ஒரு வீடியோ, ஒன்பது விநாடி. ஸ்டாண்டைச் சரிசெய்துகொண்டே “பிரேமு, தெரியுதா? இங்க நிக்கவா, இன்னும் கொஞ்சம் உள்ள போகவா?” என்று கேட்கிறான். எட்டு இருபதுக்கு அதையே போனில் கேட்டான். உள்ளே போ என்றேன்.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டி வரும்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை திங்கள் காலை பத்து மணிக்கு ஸ்டேஷன். மூன்றைத் திருத்தி எழுதிக் கொடுப்பேன்: நான் அனுப்பினேன். நான் உள்ளே போகச் சொன்னேன். அவன் குடிக்க மாட்டான். வாங்கவில்லை என்றால் அதையே பதிவுத் தபாலில் கலெக்டருக்கும் அனுப்புவேன். ரசீது உங்களுக்கு வரும்.

2. என் குரலோடு சேர்த்து முழுப் பதிவையும் எதையும் வெட்டாமல் ஸ்டேஷனில் கொடுப்பேன். இன்னொரு நகல் உங்களுக்கு. கேட்க வேண்டாம், வைத்திருங்கள். நான் பிறகு மாற்றிப் பேசினால் உதவும்.

3. கலியாணசுந்தரம் சாரிடம் அவர் சொல்லியும் கேட்காமல் ஆளை இறக்கியது நான்தான் என்று எழுதிக் கொடுத்து, கேமராக்களை ஒப்படைத்து, கட்டுரையைத் திரும்ப வாங்குவேன்.

4. வருகிற ஞாயிறு உங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் ‘எப்பவாவது’ என்று நான் சொன்னது பொய் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன், பாஸ்டர் அனுமதித்தால். இல்லையென்றால் வாசலில் நின்று சொல்வேன். உங்கள் அப்பா என்னைப் பார்க்க வேண்டாம் என்றால் முன்கூட்டியே எழுதுங்கள், அவர் வராத நேரமாகப் பார்த்து வருகிறேன்.

5. அந்தப் பள்ளத்தைச் சுற்றிக் கல் நட்டு வெள்ளையடிப்பேன். ஆற்றில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று பகலில் நடந்து எண்ணுவேன். எண்ண மட்டும்தான் எனக்கு வருகிறது.

6. அட்டவணையில் முப்பத்தோராவது நிகழ்வைத் திருத்துவேன். ‘விளக்கம் தெரியாதது’ என்பதை அடித்துவிட்டு: டேனியல், வயது 26, கூப்பிட்டான். கடைசிக் கட்டம் இதுவரை காலியாக இருக்கிறது. அதையும் நிரப்புவேன். பார்த்தவர் செய்தது: எண்ணினார்.

பிரேம்நாத்